முன்பதிவு ஆப்பும் அண்ணாச்சியின் சாவியும்

எங்கள் கல்லூரி நூலக மாடியில் குழுவாக உட்கார்ந்து படிக்க நான்கு அறைகள் உண்டு. பாளையங்கோட்டையில் படிக்க இடத்துக்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். மாடல் எக்ஸாம் வாரத்தில் வந்து பார்த்தால் தெரியும். அந்த அறைகளுக்கு முன்பதிவு ஆப் செய்வதுதான் என் எம்.சி.ஏ. புராஜெக்ட். "இதில் ஏஐ எங்கே?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. பதிவு செய்துவிட்டு வராதவரின் அறை அடுத்தவருக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இப்போது நடப்பது பஸ் ஜன்னலில் துண்டு போடுகிற கதை. நோட்டில் பெயர் இருக்கும், அறை பூட்டியே கிடக்கும். அதனால் குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்றால் பதிவு தானாக ரத்து.

எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதில்தான் சண்டை. ஹாஸ்டல்காரர்களுக்குப் பத்து நிமிடமே அதிகம். முக்கூடலிலிருந்து வருகிறவள் பஸ் மாறி, ஆற்றுப் பாலம் தாண்டி, வண்ணாரப்பேட்டை நெரிசலில் நின்று வர வேண்டாமா? காலை முதல் வேளைக்கு மட்டும் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறேன், மற்றதற்குப் பத்து நிமிடம். அதேபோல், மறுநாளுக்கான பதிவை நள்ளிரவில் திறந்தால் அத்தனையும் ஹாஸ்டல் வைஃபைக்கே போய்விடும். அதனால் மாலை 7 மணிக்குத் திறக்கும். ஒருவர் பெயரில் ஒரே சமயத்தில் இரண்டு பதிவுக்கு மேல் நிற்காது.

ஒரே அறைக்கு இருவர் ஒரே நொடியில் அழுத்தினால்? 'காலியா' என்று பார்த்துவிட்டு அப்புறம் எழுதுகிற புரோகிராம் இருவருக்கும் 'காலி' என்று சொல்லிவிடும். அந்தப் பொறுப்பை டேட்டாபேஸிடமே விட்டுவிட்டேன். ஒரே அறையின் இரண்டு பதிவுகள் நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்று போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளில் டேபிளுக்கே விதி போடலாம். பிந்தி வருவதை அதுவே தள்ளிவிடும். தொடக்க நேரத்தைச் சேர்த்து, முடிவு நேரத்தைச் சேர்க்காமல் வைத்தால் 3 மணிக்கு முடிகிறதும் 3 மணிக்குத் தொடங்குகிறதும் மோதாது.

சரி, பதிவு செய்தவர் வந்துவிட்டார் என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? அறையில் பி.ஐ.ஆர். சென்சார் மாட்டலாமே என்றான் நண்பன். உடல் சூடு இடம் மாறுவதைத்தான் அது கவனிக்கும். ஆடாமல் அசையாமல் படிக்கிறவனை ஆளே இல்லை என்று எழுதிவிடும், அரட்டை அடிக்கிறவனுக்கு அறையை விட்டுவைக்கும். வேண்டாம் என்றேன். வந்ததும் ஸ்கேன் செய்யச் சொல்லிக் கதவில் கியூஆர் குறியீடு ஒட்டினால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிற குறியீடு என்றால் அறைக்கு ஒரு டேப்லெட் வேண்டும். அதற்குப் பணம் இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நூலக அண்ணாச்சி, "தம்பி, எல்லாஞ் சரி. சாவி எங்கிட்டல்லா இருக்கு? ஒங்க ஆப்பு எப்படிக் கதவத் தெறக்கும்?" என்றார்.

அதுவே வழியாகவும் ஆனது. சாவி கொடுக்கும்போது அவர் தன் போனில் பெயரைத் தட்டினால் அதுதான் வருகைப் பதிவு. பெரிய எழுத்தில், அன்றைய பட்டியல் மட்டும் தெரிகிற மாதிரி அவருக்குத் தனித் திரை போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒன்றரை மணிக்கு அவர் சாப்பிடப் போய்விட்டால் யார் தட்டுவது என்பதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.