ஷாமிசென் கேட்ட பக்கம்

மார்ச் 29, இரவு

ஒசாகாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ‘மெமோயர்ஸ் ஆஃப் எ கெய்ஷா’வை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். (ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் ஜப்பானியக் கலைப்பெண்கள்தான் கெய்ஷாக்கள்.) அடுத்த வாரம் கியோத்தோவில் கெய்ஷாக்கள் ஆடும் மியாகோ ஓதோரி நடனத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம், அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. 2005-இல் ராப் மார்ஷல் எடுத்த படம். மழை சொட்டும் ஓட்டுக்கூரை, காகித விளக்கு, ஈரக் கல்தெரு என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒளிப்பதிவு, கலை இயக்கம், உடையலங்காரம் மூன்றுக்கும் ஆஸ்கார் கொடுத்தது தகும். கியோத்தோவில் கெய்ஷாக்கள் வாழும் பகுதியான கியோனின் அந்தப் பழைய தெரு கலிஃபோர்னியாவில் போட்ட செட் என்று படித்ததும் அசந்துபோனேன்.

ஹாட்சுமோமோ என்ற மூத்த கெய்ஷாவாக வரும் கோங் லீயிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கொடுமைக்காரிதான். ஆனால் வீட்டையே ஆட்டிவைக்கும் அவளால், விரும்பியவனைத் திருட்டுத்தனமாகத்தான் பார்க்க முடிகிறது. எனக்கு அவள்மேல்தான் இரக்கம் வந்தது.

மார்ச் 30

காலையில் பாத்திரம் கழுவும்போதும் படத்தின் இசையில் வரும் யோ-யோ மாவின் செல்லோ காதைவிட்டுப் போகவில்லை. மீனவக் கிராமத்திலிருந்து விற்கப்பட்ட குழந்தை, பின்னால் சாயுரி என்ற கெய்ஷாவாகப் போகும் கதாநாயகி, பாலத்தில் அழுதுகொண்டிருக்கிறாள். பெரிய மனிதர் ஒருவர் ஐஸ் வாங்கிக் கொடுத்து, கைக்குட்டையில் காசும் தருகிறார். அவள் காசைக் கோயிலில் போட்டுவிட்டு, செந்நிறத் தோரணவாயில்களுக்குள் ஓடுகிறாள். அந்த இடம் மட்டும் செட் இல்லை, கியோத்தோவில் இருக்கும் நிஜமான ஃபுஷிமி இனாரி கோயில்.

அழகான காட்சி. ஆனால் அதற்குப் பிறகு அவள் கற்கும் நடனம், நடை, பேச்சு எல்லாமே அந்தக் கைக்குட்டைக்காரரிடம் போய்ச் சேரும் வழியாகிவிடுகிறது. நடனத்தை நடனத்துக்காக அவள் நேசித்த ஒரு நிமிஷத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. கெய்ஷா என்ற சொல்லிலேயே ‘கெய்’ என்றால் கலை.

ஏப்ரல் 1

கன்னிமையை ஏலம் விடும் காட்சி மனசைவிட்டுப் போகவில்லை. படத்துக்கு மூலம் ஆர்தர் கோல்டன் 1997-இல் எழுதிய நாவல். அதற்காக அவரிடம் பேசியவர்களில் ஒருவர் கியோனில் புகழ்பெற்ற கெய்கோவாக இருந்த மினேகோ இவாசாகி. (கெய்ஷாவை கியோத்தோவில் கெய்கோ என்றுதான் சொல்கிறார்கள். பயிற்சியில் இருக்கும் பெண் மைக்கோ.) தம் பெயர் வெளியே வராது என்று கோல்டன் வாக்குக் கொடுத்ததாக இவாசாகி சொல்கிறார். புத்தகத்தின் நன்றியுரையிலேயே பெயர் வந்துவிட்டது. 2001-இல் வழக்குப் போட்டார், 2003-இல் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. படம் கன்னிமை ஏலமாகக் காட்டும் ‘மிசுவாகே’ தமக்கு ஏலம் அல்ல, மைக்கோ வளர்ந்துவிட்டாள் என்று சிகையலங்காரத்தை மாற்றும் சடங்கு என்கிறார்.

வறுமையால் பெண்பிள்ளைகள் விற்கப்பட்டதும், கடனில் கட்டுண்டதும் பொய் இல்லை. ஆனால் நம்பிப் பேசிய ஒரு பெண்ணின் வாழ்க்கை, அவர் நடக்கவே இல்லை என்று மறுக்கும் ஒன்றாக உலகம் முழுக்கப் போனது என்றால் அது அநியாயம். எனக்கு ஆறவே இல்லை.

ஏப்ரல் 2

நடிகர் தேர்வுச் சண்டையையும் படித்தேன். முக்கியமான மூன்று கெய்ஷாக்களில் ஒருவர்கூட ஜப்பானியர் இல்லை: ஜாங் சீயியும் கோங் லீயும் சீனாவில் பிறந்தவர்கள், மிஷெல் யோ மலேசியர். ஜப்பானில் முணுமுணுப்பு, சீனாவில் தடை. நடிப்பில் மூவரிடமும் எனக்குக் குறை இல்லை.

ஏப்ரல் 5

கியோன். சந்துமுனைகளில், இது தனியார் தெரு, உள்ளே வராதே, மீறினால் 10,000 யென் என்று பலகை. மைக்கோக்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்ததன் விளைவு. என் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மியாகோ ஓதோரி தொடங்கியது 1872-இல். தலைநகரம் டோக்கியோவுக்குப் போய்விட, களையிழந்த கியோத்தோவை நிமிர்த்தக் கண்காட்சி நடத்தினார்கள், அதற்காக அமைத்த நடனம். இன்றும் ஏப்ரல்தோறும் நடக்கிறது. ‘யோய்யாசா’ என்ற குரலோடு நீலக் கிமோனோவில் இருபக்கமிருந்தும் வரிசையாக வந்தார்கள். திரை ஒருமுறைகூட விழவில்லை, பருவங்கள் மட்டும் மாறின.

படத்தில் ஜாங் சீயி தலைவிரி கோலமாக, உயரமான கட்டைச் செருப்பில், காகிதப் பனிக்கு நடுவே சுழன்று விழுவார். இங்கே சுழற்சியே இல்லை. இது இனோவே என்ற நடன மரபு, ‘நோ’ என்ற பழைய ஜப்பானிய நாடகத்தின் சாயல் உள்ளது. இடுப்பைத் தாழ்த்தி, பாதத்தைத் தரையோடு இழுத்து, விசிறியை ஒரு விரற்கடை திருப்பினால் போதும், பருவம் மாறிவிடுகிறது.

எங்கள் இருக்கை, ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவர்கள் பக்கம். சுவரோரமாக உட்கார்ந்து பாடிய வரிசையில் ஒரு மூதாட்டி, எழுபதுக்குக் குறையாது. மைக்கோவின் பூவேலைச் சிவப்புக் கழுத்துப்பட்டை இல்லை, கெய்கோவின் வெறும் வெள்ளை. வாத்தியத்தை மீட்டும் தந்தக் கட்டையைப் பிடித்த கை நரம்போடிக் கிடந்தது, ஆனால் தந்தியில் பட்ட ஒவ்வொரு அடியும் சுத்தம். நடனத்தை விட்டுவிட்டு நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கலைக்கு ஓய்வு வயது கிடையாது. படத்தின் சாயுரிக்கு அவர் வயதில் இப்படி ஓர் இடம் இருந்திருக்கும் என்று படம் நமக்குச் சொல்லவே இல்லை.

ஏப்ரல் 6

நேற்று நடனத்தோடு சேர்ந்த தேநீர்ச் சடங்கில் இனிப்பு வைத்துத் தந்த சின்னத் தட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றார்கள். இன்று கழுவி அடுக்கில் வைத்தேன். மினேகோ இவாசாகி 2002-இல் தம் வாழ்க்கையைத் தாமே எழுதியிருக்கிறார். நூலகத்தில் அதற்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.