வாக்குச்சீட்டின் கீழ்வரிசை

இன்று தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், 2024 அதிபர் தேர்தல்.

ஹாரிஸ், ட்ரம்ப் பெயர்களைத் தாண்டிக் கீழே வந்தால் ‘யு.எஸ். டாக்ஸ்பேயர்ஸ்’ என்றொரு கட்சி. அங்கேயே நின்றுவிட்டேன்.

கான்ஸ்டிடியூஷன் கட்சி என்ற சிறிய வலதுசாரிக் கட்சியின் மாநிலக் கிளை இது. தாய்க்கட்சி 1999-லேயே பெயரை மாற்றிக்கொண்டது. இங்கே இன்னும் பழைய பெயர்தான்.

கருக்கலைப்பை அடியோடு எதிர்ப்பவர்கள். என் ஓட்டு அவர்களுக்கு இல்லை.

ஆனாலும், விதி இதுதான்: மாநிலத்தில் தேர்தல்களைக் கவனிக்கும் ‘மாநிலச் செயலர்’ பதவிக்குக் கடைசியாக நடந்த தேர்தலில் ஜெயித்தவர் வாங்கிய ஓட்டில் 1 சதவீதமாவது இவர்களுடைய முதன்மை வேட்பாளர், அதாவது கட்சியில் அதிக ஓட்டு வாங்குபவர், வாங்க வேண்டும். அப்போதுதான் அடுத்த தேர்தலிலும் சீட்டில் இடம்.

ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்தே அந்த 1 சதவீதத்துக்காக உழைக்கிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இரண்டே பெயர்கள் உள்ள சீட்டு என் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.