பாரிஸ், ரோம், பார்சிலோனா: பர்ஸ் பத்திரமா திரும்பி வந்த கதை

ஐரோப்பா போறோம்னு சொன்னதும் எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், பிக்பாக்கெட் ஜாக்கிரதை. சரி, ஜாக்கிரதைன்னா என்ன பண்ணணும்? அதை மட்டும் யாரும் சொல்லல. அதான் நாங்க பண்ணதை எழுதுறேன்.

கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பிரிச்சு வச்சோம். பாஸ்போர்ட், ஒரு கார்டு, கொஞ்சம் யூரோ மணி பெல்ட்ல (சட்டைக்கு உள்ள இடுப்புல கட்டிக்கிற சின்னப் பை), இன்னொரு கார்டு ரூம் லாக்கர்ல, அன்னைக்கு செலவுக்கு வேண்டிய காசு மட்டும் முன் பாக்கெட்ல. மணி பெல்ட்டை டிக்கெட் கவுன்டர்ல நின்னு சட்டையைத் தூக்கி தொறக்கிறவங்களைப் பாத்தேன், அதுக்கு அதைக் கட்டாமலே இருக்கலாம். நாங்க பாத்ரூம் உள்ள போய்த்தான் தொறப்போம். அப்புறம் போன்ல *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர்) பேப்பர்ல எழுதி வச்சோம், சிம்முக்கும் ஒரு பின் போட்டோம், ஏன்னா போன் லாக்ல இருந்தாலும் சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி எல்லாம் திருடினவனுக்குப் போகும்.

பாரிஸ் மெட்ரோ லைன் 1, லூவர் மியூசியம் பக்கம்லாம் போறது, டூரிஸ்ட் கூட்டம் எப்பவும் இருக்கும். கதவு மூடுறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த நேரத்துலதான் கதவோரம் நிக்கிறவங்க கையில இருக்கிற போனைப் பிடுங்கிட்டு வெளிய குதிக்கிறது, கதவு மூடிடும், நாம உள்ள மாட்டிக்குவோம். அதனால நாங்க நடுவுலதான் நிப்போம். ஒரு நாள் ஏறும்போது முன்னாடி போன பொண்ணு கதவுகிட்ட திடீர்னு நின்னுட்டா, பின்னாடி ரெண்டு பேர் அவசரம் அவசரமா தள்ளுறாங்க, என் மனைவி பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பின்னாடி நகர்ந்துட்டா, நானும் இறங்கிட்டேன். ரயில் போயிடுச்சு. அவ்வளவு அவசரமா தள்ளினவங்களும் அந்தப் பொண்ணும் அதுல ஏறவே இல்ல! எங்களைப் பாக்காத மாதிரி அடுத்த கூட்டத்துகிட்ட போய் நின்னாங்க. (இந்த மாதிரி பிக்பாக்கெட்காரங்க தொல்லை தாங்காம 2013ல லூவர் ஊழியர்களே வேலைநிறுத்தம் பண்ணி மியூசியத்தை ஒரு நாள் மூட வச்சாங்க.)

கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுறவங்க கிட்ட நிக்கவே கூடாது, நாம மேல எழுதிட்டு இருப்போம், அட்டைக்குக் கீழ என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. பாரிஸ்லயே மோன்மார்த்ர்ங்கிற குன்றுப் பக்கம் படிக்கட்டுல கையில கயிறு கட்ட வந்தா கையை பாக்கெட்ல விட்டுக்கிட்டு நடந்துட்டே இருங்க, பதில்கூட சொல்ல வேணாம்.

ரோம்ல டெர்மினி ரயில்வே ஸ்டேஷன்லருந்து வாடிகன் பக்கம் போற 64ஆம் நம்பர் பஸ் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது, கூட்டமா வந்தா விட்டுட்டு அடுத்ததுல போனோம், அவ்வளவுதான்.

பார்சிலோனால எங்க ஹோட்டல்ல தங்கியிருந்த ஒருத்தர் ஒரு சாப்பாட்டுக் கடை வாசல் டேபிள்ல போனை வச்சிருக்காரு, ஒருத்தன் வந்து மேப்பை அது மேலயே விரிச்சு வழி கேட்டிருக்கான், மேப்போட போனும் போச்சு. பர்ஸும் காணோம். அவர்கூட நானும் போலீஸ் ஸ்டேஷன் போனேன். இன்சூரன்ஸ் கேட்கணும்னா போலீஸ் ரிப்போர்ட் காப்பி வேணும், அதை எழுதும்போது ஐஎம்இஐ நம்பரும் கேட்டாங்க, அவர்கிட்ட இல்ல. கார்டை பிளாக் பண்ணலாம்னா அவர் குறிச்சு வச்சிருந்த டோல் ஃப்ரீ நம்பர் அங்கருந்து போகவே இல்ல. வெளிநாட்டுலருந்து கூப்பிடுற நம்பரை பேங்க் தனியா கொடுத்திருப்பாங்க, நாடு கோடோட எழுதி பர்ஸ்ல இல்லாம வேற எங்கயாவது வச்சுக்கோங்க.