முதல் வெண்டைக்காய்

இன்னைக்கு காலைல முதல் வெண்டைக்காய பறிச்சேன், ஒரே ஒரு காய்தான், விரல் நீளம் இருக்கும், ஆனா அத கைல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் செடி பக்கத்துலயே நின்னுட்டு இருந்தேன். விதை போட்டு 48 நாள்.

வீட்டுக்குப் பின்னாடி சும்மா கெடந்த இடம் அது. இதுக்கு முன்னாடி ஒரு செடி கூட வச்சதில்ல. தக்காளி நாத்து ரெண்டு இலை விட்டதும் ஒண்ணொண்ணா அடித்தண்டு கறுத்து சாய ஆரம்பிச்சுது, தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துனேன், அதுதான் தப்பு, ஈரம் அதிகமானா மண்ணுல இருக்குற பூஞ்சை தண்ட அழுக வச்சிடும், நாத்தழுகல்னு பேரு. 12 நாத்துல 3 தான் மிச்சம், மனசே ஆறல. இப்பல்லாம் விரல ஒரு இன்ச் மண்ணுக்குள்ள விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும்தான் தண்ணி.

வெண்டை விதைய ராத்திரி ஊற வச்சு நேரா மண்ணுலயே போட்டேன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடி தள்ளி. ஆறாம் நாள் மண்ண முட்டிக்கிட்டு வந்துச்சு பாருங்க, அந்த சந்தோஷத்த எப்படி சொல்றதுன்னு தெரியல!

பூசணி நல்லா பூக்குது ஆனா எல்லாமே ஆண் பூ. பெண் பூவுக்கு அடில குட்டிப் பிஞ்சு மாதிரி இருக்கும், அது வர்ற அன்னைக்கு காலைலயே ஆண் பூவ பறிச்சு மகரந்தத்த நானே தடவி விடணும்னு இருக்கேன், தேனீ இந்தப் பக்கம் அவ்வளவா வரல. இத செஞ்சு பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, எத்தன மணிக்குள்ள செய்யறீங்க?