டிக்கெட் இல்லாவிட்டாலும் நான் பயணிதான்

ஆஸ்திரியாவின் மலைப்பகுதிகளில் உயர் அழுத்த மின்தடங்களை ஹெலிகாப்டரில் இருந்தபடி லேசர் கருவியால் அளப்பது என் வேலை. ஒருநாள் இறங்கும் நேரத்தில் காற்று தூக்கிப்போட, ஹெலிகாப்டர் தரையில் மோதியது. என் தோள் எலும்பு முறிந்தது. மருத்துவச் செலவைப் பணிவிபத்துக் காப்பீடு ஏற்றது. பட்ட வலிக்கான இழப்பீட்டை ஹெலிகாப்டர் நிறுவனத்தின் பொறுப்புக் காப்பீட்டில் கேட்டேன். "விமானி சொன்னபடி பறப்பின்போது வேலை செய்தவர் நீங்கள், ஆகவே பணிக்குழுவினர், பயணி அல்ல" என்று மறுத்துப் பதில் வந்தது. படித்ததும் கொதித்துப்போனேன். ஹெலிகாப்டரை ஓட்டுவதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆபத்தில் மட்டும் பங்கு உண்டாம்!

என் வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 785ஆம் எண் ஒழுங்குமுறையை. விமான நிறுவனத்தின் அல்லது விமானத்தை இயக்குபவரின் இசைவோடு பறப்பில் இருக்கும் எவரும் பயணி. பணியில் உள்ள விமானிக் குழுவும் கேபின் குழுவும் மட்டுமே விலக்கு. டிக்கெட் என்ற பேச்சே அதில் இல்லை.

அடுத்து அவர் காட்டிய வழக்கு என் கதையைப் போலவே இருந்தது. 2009 மார்ச்சில் ஆஸ்திரியாவின் ஸோல்டன் பனிமலையில், தளர்ந்த பனியை வெடிவைத்து முன்கூட்டியே சரியவைக்க ஒரு குழு ஹெலிகாப்டரில் சென்றது. வெடியை வீசுவதற்காக, விமானி சொன்னதும் கதவைத் திறந்து பிடிப்பது ஒருவருடைய பொறுப்பு. திடீர்க் காற்று கதவை இழுத்ததில் அவருடைய முழங்கை பலமாகக் காயமடைந்தது. அவரும் பயணியே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015 பிப்ரவரி 26 அன்று தீர்ப்பளித்தது. விமானத்தில் இருக்கும் எல்லோருக்கும், பயணிகளுக்கும்கூட, விமானி கட்டளையிடலாம். அதைக் கேட்டு நடப்பதால் ஒருவர் கேபின் குழுவினர் ஆகிவிட மாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். மிகச் சரியான தீர்ப்பு என்பேன்.

விமானப் பயணிகளுக்கான இழப்பீட்டை வகுக்கும் சர்வதேச ஒப்பந்தம்தான் மான்ட்ரியல் உடன்படிக்கை. அதன் பாதுகாப்புக்கு அதே தீர்ப்பு ஒரு நிபந்தனையும் வைத்திருந்தது: ஏற்றிச்செல்வதற்கான ஒப்பந்தம் இருக்க வேண்டும். எங்கள் நிறுவனமும் ஹெலிகாப்டர் நிறுவனமும் செய்த ஒப்பந்தத்தைப் பெறத்தான் அதிகம் போராடினேன். வணிக ரகசியம் என்றார்கள். கடைசியில் விலை விவரங்களைக் கறுப்படித்து நகல் கொடுத்தார்கள். அளவீட்டாளரை ஏற்றிச்செல்ல வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. ஹெலிகாப்டரில் ஏறுவோரின் எடைக் கணக்குத் தாளில் என் பெயர் இருந்தது. எனக்குச் சம்பளம் தருவது ஹெலிகாப்டர் நிறுவனம் அல்ல என்பதற்கு வேலை நியமனக் கடிதம் சான்று.

இடையில் இன்னொரு கவலை. உடன்படிக்கைப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் கெடு நீளாது. எனவே மனுவைத் தயாராக வைத்துக்கொண்டு, எந்த விதிப்படி என்னைப் பணிக்குழு என்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டோம். விதி எதையும் அவர்கள் காட்டவில்லை. சில வாரங்களில் சமரசத்துக்கு வந்தார்கள், பணமும் வந்தது.

இப்போது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அளவீட்டாளரை ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற அந்த ஒப்பந்த வாசகத்தின் நகலை முதல் பறப்புக்கு முன்பே கொடுத்துவிடுகிறேன்.