காலையின் முதல் ஸ்டார்ட்டைக் கேட்காமல் பழைய கார் வாங்காதீர்கள்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய காரைப் பார்க்கப் போனபோது அது வாசலில் ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க வர்றீங்கன்னு ஏசி போட்டு வச்சிருக்கேன் சார்" என்றார் விற்றவர். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். ஓட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை, பிக்கப் பிரமாதம், கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டில் சாவியைத் திருப்பியபோதுதான் வண்டியின் சுயரூபம் தெரிந்தது. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாத மாதிரி ஒரு பத்து விநாடி குலுங்கியது, பின்னால் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை கெட்டியாக வந்தது, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாக ஓட ஆரம்பித்துவிட்டது. பனிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரத்தில், என்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் டப்பா இரண்டு முறை காலியானது, மூன்றாவது முறை நடுரோட்டில் வெப்ப முள் சிவப்புக்குப் போனது. என்ஜினின் தலைப்பகுதிக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருந்தது. வண்டியை நிறுத்திய பிறகும் கூலன்டில் அழுத்தம் இருக்கும் இல்லையா, அந்த அழுத்தத்தில் ராத்திரி முழுக்க சொட்டுச் சொட்டாக ஒரு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. காலையில் அந்தத் தண்ணீரைத் தள்ளி முடிக்கிற வரைக்கும்தான் குலுங்கல். சூடான வண்டியில் ஏறி உட்கார்ந்த எனக்கு அது எப்படித் தெரியும்?

அதிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். யாருக்காகக் கார் பார்க்கப் போனாலும் முந்தின நாளே விற்பவருக்குப் போன் போட்டு, நாங்கள் வருகிற வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லச் சொல்வேன். போனதும் முதல் வேலை, பானட்டில் கை வைப்பது. வெயிலில் நிற்கிற வண்டி என்றால் பானட் எப்படியும் சுடும், அதனால் திறந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது வெதுவெதுப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் முன்புவரை யாரோ ஓட்டியிருக்கிறார்கள். காரணம் அப்பாவித்தனமாகவும் இருக்கலாம், கழுவ எடுத்துப் போயிருப்பார். நான் சண்டை போடுவதில்லை, நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

என்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் மூடிகளைத் திறக்கவும் முடியும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்தால் கொதிக்கிற கூலன்ட் முகத்தில் அடிக்கும், அந்த விளையாட்டே வேண்டாம். ஆறியபிறகு திறந்து பாருங்கள். கூலன்ட் பச்சையோ சிவப்போ நீலமோ, என்ன நிறமாக இருந்தாலும் தெளிவாக இருக்க வேண்டும். துருப்பிடித்த தண்ணீர் மாதிரி இருந்தால் வருஷக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் எங்கேயோ ஆயிலும் கூலன்டும் கலக்கிறது. அதே மாதிரி ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தில் காபி நிறத்தில் கிரீம் மாதிரி அப்பியிருந்தால் ஆயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஆனால் இதைப் பார்த்ததும் ஓட வேண்டாம், தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் குளிர்காலத்தில் ஆவி குளிர்ந்து நீராகியே அந்தக் கிரீம் கொஞ்சம் சேரும். ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், அதிலும் அதே கிரீம் என்றால் அப்போது ஓடலாம். ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமில்லை, டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும். அளவு அடிக்கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். வண்டி ஆயில் சாப்பிடுகிறதா, அல்லது விற்கிறவர் மூடியைத் திறந்தே பார்க்காத ஆளா? இரண்டுமே கெட்ட செய்திதான்.

இன்னொன்று, என்ஜின் அறை பளபளவென்று கழுவித் துடைத்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். தூசி படிந்த என்ஜினில் எங்கே கசிகிறது என்று தூசியே ஈரமாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, இப்போது ஸ்டார்ட். இங்கேதான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள், தாங்களே உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார்கள். வேண்டாம். விற்பவரையோ கூட வந்தவரையோ உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள், ஒருவர் பின்னால், ஒருவர் பானட் பக்கம். ரேடியோ, ஏசி, பேச்சு எல்லாம் நிற்க வேண்டும். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, டக்கென்று பிடிக்கிறதா என்பதிலேயே பேட்டரியின் நிலைமை பாதி தெரிந்துவிடும். டீசல் வண்டி நாலைந்து தடவை முயன்ற பிறகுதான் பிடிக்கிறது என்றால் சிலிண்டரைச் சூடாக்குகிற குளோ பிளக் முதல் சிலிண்டருக்குள் உண்டாகிற அழுத்தமான கம்ப்ரெஷன் வரை எதுவும் காரணமாக இருக்கலாம்.

பிடித்த அந்த முதல் இரண்டு மூன்று விநாடிதான் முக்கியம். என்ஜினின் முன்பக்கத்திலிருந்து, தகர டப்பாவுக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சரசர சத்தம் வந்து அடங்குகிறதா? பிஸ்டனும் வால்வும் சரியான நேரத்தில் அசையும்படி இணைக்கிற டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் நிறைய வண்டிகளில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். ராத்திரி ஆயில் கீழே இறங்கிவிட, காலையில் அழுத்தம் ஏறுகிற வரை தளர்ந்த செயின் அடித்துக்கொள்ளும். சூடான வண்டியை நூறு தடவை ஸ்டார்ட் செய்தாலும் பெரும்பாலும் இது கேட்காது. மேலே வால்வு பக்கமிருந்து டிக் டிக்கென்று டேப்பெட் சத்தம் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். அடியிலிருந்து கனமாக, கதவை முட்டியால் தட்டுகிற மாதிரி, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் கிராங்க் பேரிங்காக இருக்கும், அந்த வண்டியோடு பேச்சு முடிந்தது.

பின்னால் நிற்பவர் புகையைப் பார்க்கட்டும். குளிரில் மெல்லிய வெள்ளை ஆவி வந்து சில நிமிடங்களில் காணாமல் போவது எல்லா வண்டியிலும் உண்டு. கெட்டியாக, இனிப்பு வாசனையோடு தொடர்ந்து வந்தால் அது என் பழைய வண்டியின் கதை. முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குப்பென்று ஒரு நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்து ராத்திரியில் ஆயில் இறங்கியிருக்கிறது. ஓட்டும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நீலம் வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங், அது பெரிய வேலை. கறுப்புப் புகைக்கு நான் அவ்வளவு பயப்படுவதில்லை, ஏர் ஃபில்டர் அடைப்பில் ஆரம்பித்து இன்ஜெக்டர் வரை காரணங்கள் வரிசையாக இருக்கின்றன, சிலது மலிவு, சிலது இல்லை.

என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகித் தளர்த்தி, ஆயில் ஊற்றும் துளையின் மேலேயே வைத்துப் பாருங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. மூடி துள்ளி, உள்ளிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால் பேக் கம்ப்ரெஷன் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் எரிகிற வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. சந்தேகமாக இருந்தால் மெக்கானிக்கை வைத்துக் கம்ப்ரெஷன் பார்க்கலாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10-15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. எளிமையான சோதனை, ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற விற்பவர் சம்மதிக்க வேண்டும்.

இப்போது எல்லோர் கையிலும் ஒரு குட்டி ஸ்கேனர் இருக்கிறது, புளூடூத்தில் போனோடு பேசுகிறது. அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட, வண்டி தன் கோளாறுகளைச் சொல்கிற ஓபிடி சாக்கெட்டில் சொருகுவது. நல்ல கருவிதான், ஆனால் அதைத் தெய்வவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். போன வருஷம் ஒரு நண்பனோடு போனபோது அவன் சொருகிப் பார்த்துவிட்டு "கோளாறு பூஜ்யம்டா" என்று குதித்தான். நான் டேஷ்போர்டில் கடிகாரத்தைப் பார்த்தேன். 12:40 என்று காட்டியது. என் கையில் காலை எட்டேகால். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் பல வண்டிகளில் பதிந்திருந்த கோளாறு எண்கள் அழிந்துவிடும், கடிகாரமும் பன்னிரண்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். ஆக, நாற்பது நிமிடம் முன்பு யாரோ பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அதே ஸ்கேனரில் ரெடினெஸ் என்றொரு பக்கம் உண்டு, கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் இவற்றையெல்லாம் வண்டி தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும். கோளாறு எண்களை அழித்தால் இந்தச் சோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும், மறுபடி முடிய நன்றாக ஓட்டியாக வேண்டும். அந்த வண்டியில் நாலு சோதனை முடியாமல் நின்றது. புது பேட்டரி போட்டோம் என்றார் விற்பவர். பேட்டரியைப் பார்த்தால் மேலே தூசி, முனைகளில் பச்சைப் பூஞ்சை.

ஸ்கேனரே இல்லாவிட்டாலும் ஒன்று பார்க்கலாம். சாவியை ஆன் வரை மட்டும் திருப்பினால் என்ஜின் விளக்கு, ஆயில் விளக்கு, ஏர்பேக் விளக்கு எல்லாம் எரிய வேண்டும், என்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். எரியவே எரியாத விளக்குதான் ஆபத்து, யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது கேளுங்கள். தெருவைச் சுற்றி வந்தால் போதாது, சூட்டில் மட்டும் வெளிப்படுகிற நோய்களும் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் சூடானபிறகு ஜெர்க் அடிக்கும், சூடான ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்கும், அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. கிளட்ச் பார்க்க, டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள், என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் டக் டக் டக் என்று வருவது ஆக்சில் ஜாயின்ட். வேகத்தோடு கூடுகிற ஊஊ சத்தம் டயரா வீல் பேரிங்கா என்று குழப்பமாக இருந்தால் ஓடுகிற வேகத்திலேயே லேசாக இடப்பக்கம் வலப்பக்கம் வளையுங்கள், இடப்பக்கம் வளையும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங். பிரேக்கை மிதித்தபடி நின்றுகொண்டு பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறதா பாருங்கள், இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர்.

செயினுக்குப் பதிலாக டைமிங் பெல்ட் இருக்கிற வண்டி என்றால் மட்டும் காது உதவாது. பெல்ட் அறுந்து போவதற்கு முன்னால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது, அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் மோதும். மாற்றியதற்குப் பில் காட்டுங்கள் என்று கேட்பேன், வாய் வார்த்தையை மாற்றாததாகவே கணக்கு வைத்துக்கொள்வேன்.

பேட்டரி கதைக்குப் பிறகு அந்த நண்பன் வேறொரு வண்டி பிடித்தான். காலை ஏழு மணிக்குப் போனோம், ஹோஸ் சில்லென்று இருந்தது, விற்பவர் ஒரு பெரியவர், சாவியைத் திருப்பினார், முன்பக்கத்தில் இரண்டு விநாடி அந்தச் சங்கிலிச் சத்தம். நான் நண்பனைப் பார்த்தேன். பெரியவர் நாங்கள் கேட்பதற்குள், "செயின் மாத்தணும் தம்பி, ஆறு மாசமா சொல்லிட்டிருக்காங்க, நான்தான் தள்ளிப் போட்டேன்" என்றார். மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தது. செயின், டென்ஷனர், கூலி எல்லாம் மெக்கானிக்கிடம் கேட்டு அதை விலையில் கழித்துக்கொண்டு வாங்கினான், அந்த வாரமே மாற்றியும் விட்டான். அதற்கப்புறம் ஒரு மாதம் வரைக்கும் தினமும் காலையில் எனக்கு ஐந்து விநாடி வாய்ஸ் மெசேஜ் வரும். ஸ்டார்ட் சத்தம். அதற்குக் கீழே, "இப்ப ஏதாவது கேக்குதாடா?"