மஜிக் அரீனா: சிவப்பு டெக்குடன் விரைவாக வெல்லச் செய்து பார்த்தவை

யாழ்ப்பாணத்தில் தாள் விளையாடப் பழகிய பலரும் முந்நூற்றி நாலில்தான் தொடங்கியிருப்பார்கள். கையிலுள்ள துரும்பைக் காட்டிக்கொடுக்காமல், உரிய நேரம் வரும்வரை பொறுத்திருப்பதே அங்கு கெட்டித்தனம். அதே பழக்கத்தோடு மஜிக் என்ற தாள் விளையாட்டின் மின்வடிவமான மஜிக் அரீனாவைக் கைத்தொலைபேசியில் விளையாட வருகிறவருக்கு, சிவப்புத் தாள்களை மட்டும் கொண்ட வேகமான டெக் (நாமே தெரிந்தெடுத்து அடுக்கும் தாள்கட்டு) வெறும் முரட்டுத்தனமாகவே தோன்றும். கொக்குவிலில் என்னோடு விளையாடும் தம்பி ஒருவன், நான் தாளைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும்போதெல்லாம், "அண்ணை, உதை வச்சிருந்து என்ன செய்யப்போறீங்கள்?" என்று கேட்பான். அண்மைக் காலமாக அந்த டெக்கை மட்டுமே விளையாடிப் பார்த்ததில் அவனுடைய கேள்வி பெரும்பாலும் நியாயமானதாகவே படுகிறது.

எதிராளியின் 20 உயிர்ப்புள்ளிகளையும், அவர் தம்முடைய பெரிய தாள்களை இறக்குவதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டும் என்பதே இந்த டெக்கின் ஒரே நோக்கம். தாளைப் போடச் செலவிடும் சக்தி மானா; அதைத் தருபவை லாண்ட் என்ற தாள்கள். மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் என்ற உயிரினத் தாளுக்கு ஒரு மானா போதும். இறக்கிய சுற்றிலேயே தாக்கும். உயிரினமோ லாண்டோ அல்லாத தாள் ஒன்றை நாம் போடும்போதெல்லாம் அந்தச் சுற்றுக்கு அதன் பலம் ஒன்றால் கூடும். தடுக்க ஆளில்லாத மேசையில் அது முதற்சுற்றில் 1 புள்ளியை எடுக்கும். இரண்டாம் சுற்றில் ஒரு மானாவுக்கு 2 புள்ளி எடுக்கும் ஷொக் தாள்கள் இரண்டைப் போட்டுத் தாக்கினால் 4 உம் 3 உம் சேர்ந்து 7. மூன்றாம் சுற்றில் இரண்டு மானாவுக்கு 3 புள்ளி எடுக்கும் லைட்னிங் ஸ்ட்ரைக் ஒன்றும் ஷொக் ஒன்றும் போட்டால் 8. நான்காம் சுற்றில் இன்னொரு ஷொக்குடன் 4. ஆக மொத்தம் சரியாக 20. இதற்கு மூன்று லாண்ட் போதும். எதிராளி கைகட்டி இருப்பதில்லை என்பதால் இப்படி அமைவது அபூர்வம்தான். ஆனாலும் வேகம் எங்கிருந்து வருகிறது என்பது இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

ஷொக் எந்தச் சுற்றில் போட்டாலும் 2 புள்ளிதான் எடுக்கும். உயிரினமோ எவ்வளவு முந்தி இறங்குகிறதோ அவ்வளவு தடவை தாக்கும். ஆகவே இரண்டும் கையில் இருக்கும்போது உயிரினத்தை முதலில் இறக்கி, ஷொக் போன்ற நெருப்புத் தாள்களைப் பின்னுக்கு வைப்பதே இலாபம். முந்நூற்றி நாலுப் பொறுமைக்கு இங்கே கிடைக்கும் ஒரே இடம் அதுதான். எதிராளி இறக்கிய சிறிய உயிரினத்தின் மீது ஷொக்கை வீணாக்குவதா என்று தயங்குபவர்கள், அது தடுக்காவிட்டால் நம்முடைய உயிரினங்கள் இந்தச் சுற்றிலும் அடுத்த சுற்றிலும் எத்தனை புள்ளி எடுக்கும் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். அது 2 ஐத் தாண்டினால் தயங்கத் தேவையில்லை.

1996 இல் அட்லாண்டாவில் நடந்த மஜிக் தகுதிகாண் போட்டியொன்றில் பால் ஸ்லை என்பவர், ஜே ஷ்னைடர் வடிவமைத்த, பலரும் மதிக்காத மலிவான சிவப்புத் தாள்களைக் கொண்ட டெக்குடன் இரண்டாமிடம் பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் மானாவை மிச்சமில்லாமல் செலவிடும்படி தாள்களைத் தெரிந்தெடுத்ததே அதன் பலம். என் டெக்கிலும் கூடுதல் மானா கேட்கும் கவர்ச்சியான தாள்களை எடுத்துவிட்டு, லாண்டை 24 இலிருந்து 20 ஆகக் குறைத்த பிறகுதான் ஆட்டம் ஓடத் தொடங்கியது. ஒரு லாண்ட் மட்டும் வரும் முதற்கையைத் திருப்பிக் கொடுக்கவே வேண்டும். புதிதாக ஏழு தாள் எடுத்து அதில் ஒன்றை டெக்கின் அடியில் வைப்பது பெரிய நட்டமன்று.

ஒரே ஆட்டத்தில் முடியும் போட்டிகளில் அரீனா முதற்கையின் லாண்ட் அளவை ஓரளவு சமப்படுத்தித் தருகிறது. மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய போட்டிகளில் அந்தச் சலுகை இல்லை. அங்கே 22 லாண்டுடன் தொடங்கி, உயிர்ப்புள்ளியைக் கூட்டிக்கொண்டே போகும் வெள்ளை டெக்குகளுக்கு எதிராக, ஆட்டங்களுக்கிடையே மாற்றிக்கொள்ள ஒதுக்கிவைக்கும் மாற்றுத் தாள்களில் எவற்றைச் சேர்ப்பது என்பதை இனிப் பார்க்கப்போகிறேன்.